இரத்தசோகையும் மாத்திரைக் கணக்கும்

இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவை உடலெங்கும் கொண்டு செல்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் இது 11 கிராமுக்குக் குறையுமாயின் இரத்தசோகை எனப்படும். களைப்பும் மூச்சிரைப்பும் இதன் அறிகுறிகள். பேறுகாலத்தில் இரத்தப்போக்கு மிகுந்தால் இத்தகைய தாயின் உயிருக்கே ஆபத்து நேரிடும்.

இதனைத் தடுக்க 1970-இல் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை வழங்கும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. எனினும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உடையோர் 2015-16-இல் 53 விழுக்காடு, 2019-21-இல் 57 விழுக்காடு எனத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் கூறுகின்றன.

காரணங்கள் பல. தானியங்களிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. உணவுடன் அருந்தும் தேநீர் அதனை மேலும் தடுக்கிறது. கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுகிறது. மலேரியா சிவப்பணுக்களை அழிக்கிறது.

மாத்திரை பெற்றோர் அனைவரும் அதனை உண்பதுமில்லை. குமட்டலும் மலச்சிக்கலும் கண்டு பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். கருவுற்றிருந்தபோது 180 நாட்கள் உண்ட தாய்மார் 2015-16-இல் 14 விழுக்காடு. 2019-21-இல் 26 விழுக்காடு. இது முன்னேற்றமே, ஆயினும் நால்வரில் மூவர் முழுப் பயன் பெறவில்லை.

ஆகவே, வழங்கிய மாத்திரைகளை எண்ணுவதோடு பணி முடிவதில்லை. பக்கவிளைவுகளை முன்கூட்டியே விளக்குதல், குடற்புழு நீக்கம், மீண்டும் இரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றும் சேரும்போதே செலவிட்ட பணம் தாயின் நலமாக மாறும்.