இணையக்கடை முடக்கமும் ஏட்டுச்சுவடி கற்பிக்கும் பாடமும்

தோற்றுவாய்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் ஆடித்தபசு விழாவாலும், பூச்சந்தையாலும், தறித்தொழிலாலும் பெயர்பெற்ற ஊராகும். ஆங்கு எம் தாய்மாமன் விசைத்தறிச் சேலை வாணிகம் செய்து வருகின்றார். முன்னாளில் அவருடைய சேலைகள் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கட்டுக்கட்டாகச் சென்றன. இந்நாளிலோ, அவற்றுள் பெரும்பகுதி இணையக்கடை ஒன்றின் வழியாகத் தனித்தனிப் பொதிகளாய் நாடெங்கும் செல்கின்றது. வாங்குவோர் யாவர், அவர்தம் ஊர் யாது என்னும் செய்திகளெல்லாம் அக்கடையின் பக்கத்திலேயே இருக்கும். அதனைத் திறந்து பார்த்தே எம் மாமன் முகவரி ஒட்டுவார்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அக்கடை முடங்கிற்று. யாம் விடுமுறைக்கு அவர் இல்லத்திற் சென்று தங்கியிருந்தோம். நாற்பதுக்கு மேற்பட்ட சேலைகள் மடித்துக் கட்டப்பெற்று முகவரியின்றிக் கிடந்தன. மாமன் தம் கைப்பேசியிற் பார்த்தார், கணிப்பொறியிற் பார்த்தார், அடுத்த வீட்டாரின் கைப்பேசியை வாங்கியும் பார்த்தார். எங்கும் ஒரே வெற்றுப்பக்கமே தோன்றிற்று. பொதி கொண்டு செல்ல வந்தவர் வெறுங்கையோடு மீண்டார். “மருமகனே, சரக்கும் இருக்கிறது, வாங்குவாரும் இருக்கின்றனர், வாயில்மட்டும் எங்கோ பூட்டிக் கிடக்கிறது” என்று அவர் சொல்லிய சொல் எம் நெஞ்சை விட்டு இன்றும் அகலவில்லை. மறுநாள் சனிக்கிழமை, தறிகாரர்க்கு வாரக்கூலி கொடுக்கும் நாள். அத்தையார் கையின் வளையல் அடகுக்குச் சென்றபின்னரே அக்கூலி கொடுக்கப்பெற்றது. கடை சனிக்கிழமை பிற்பகலில் உயிர்பெற்றது. ஆயினும், காலந்தாழ்த்திய குற்றத்திற்காக மாமனுக்கே தண்டம் விதிக்கப்பட்டது.

இது யாங்ஙனம் நேர்ந்தது? இத்தகைய முடக்கங்களுக்குக் காரணம் யாது? நம்மனோர் செய்யத்தக்கது யாது? இவ்வினாக்களை ஆராய்ந்து, தமிழ் பயிலும் மாணவராகிய யாம் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முடக்கம் நேரும் வகை

இணையக்கடை என்பது ஒரே கட்டடமன்று. சர்வர் எனப்படும் கணிப்பொறிகள் பல சேர்ந்து அதனை நடத்துகின்றன. ஒன்று படங்காட்டும், ஒன்று விலை கூறும், ஒன்று பணங்கொள்ளும், ஒன்று கணக்கெழுதும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை தடுமாறும். முடக்கங்களின் காரணம் பலவெனினும், மூன்றினை எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது, கூட்டமிகுதி. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பிளிப்கார்ட் நிறுவனத்தார் பெருந்தள்ளுபடி விற்பனை ஒன்றினை நடத்தினர். ஏறத்தாழ 5,000 சர்வர்களை ஆயத்தம் செய்திருந்தும், வந்த கூட்டத்தை அவை தாங்கவில்லை. பலர் வாங்கமாட்டாது வருந்தினர். நிறுவினோர் இருவரும் மறுநாளே வாடிக்கையாளரிடம் எழுத்து மூலம் மன்னிப்பு வேண்டினர். தேரோடும் நாளில் சந்துவழியே ஊர்மக்கள் அனைவரும் நுழைய முயன்றால் நேர்வது போன்றது இது.

இரண்டாவது, கைப்பிழை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அமெரிக்க நாட்டு வர்ஜீனியாவிலுள்ள அமேசான் நிறுவனத்தின் சேமிப்பகத்தில், பணியாளர் ஒருவர் சில சர்வர்களை நிறுத்தக் கருதிக் கட்டளை ஒன்றனைப் பிழைபடத் தட்டினார். கருதியதினும் மிகப் பல நின்றன. அச்சேமிப்பகத்தை நம்பியிருந்த எண்ணிறந்த தளங்கள் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அல்லலுற்றன. இதனுள் நகைப்பிற்கிடமான செய்தி ஒன்று உண்டு. எப்பணி நலமாக உள்ளது, எப்பணி முடங்கியது என்று அறிவிக்கவேண்டிய அந்நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையும் அச்சேமிப்பகத்தையே சார்ந்திருந்தமையின், முடக்கத்தை அறிவிக்க இயலாது நின்றது. கடை மூடியுள்ளது என்னும் பலகையைக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டியதனை ஒக்கும் இது.

மூன்றாவது, வழி மறைதல். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், நம் நாட்டில் இரவு ஒன்பது மணி கடந்த சிறிது நேரத்தில், முகநூலும் வாட்சப்பும் இன்ஸ்டகிராமும் ஒருங்கே மறைந்தன. வழக்கமான பராமரிப்பின்போது இடப்பெற்ற கட்டளை ஒன்று அந்நிறுவனத்தின் நிலையங்களை இணைக்கும் உள்வலை முழுவதையும் துண்டித்துவிட்டது. அது கண்ட பெயர்ச்சர்வர்கள் தம்மை அடையும் வழியினை உலகிற்கு அறிவிப்பதனை நிறுத்திக்கொண்டன. வீடு இருந்தது, வீட்டிற்குச் செல்லும் வழியை அறிந்தார் ஒருவரும் இலர். பழுது நீக்கச் சென்ற பணியாளரும் தம் கட்டடங்களுக்குள் எளிதில் நுழைய இயலாதவாறு வாயிற்பூட்டுகளும் பயனற்றுப்போயின. ஏறத்தாழ ஆறு மணி நேரம் இந்நிலை நீடித்தது.

பழைய வலையின் கருத்து

இவற்றைக் கேட்போர், வலை என்பதே நம்பத்தகாதது போலும் என எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது. வலையினை முதற்கண் எண்ணிப் பார்த்தோர் அது பழுதுறும் என்பதனை நன்குணர்ந்தே எண்ணினர். பால் பாரன் என்பார் 1964இல் வெளியிட்ட ஆய்வில் மூவகை அமைப்புகளை வரைந்து காட்டினார். ஒன்று, எல்லாக் கம்பிகளும் நடுவிடம் ஒன்றிற் கூடுவது. நடுவிடம் கெடின் யாவும் கெடும். மற்றொன்று, பல நடுவிடங்கள் தொடுக்கப்பெற்றது. மூன்றாவது, மீன்வலை போலக் கண்ணிதோறும் பல இழைகள் பின்னப்பெற்றது. ஓரிழை அறினும் செய்தி வேறிழை வழியே சென்று சேரும். செய்தியைச் சிறுசிறு பொதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றும் தனக்கேற்ற வழியிற் செல்லுமாறு விடுவது அவர் கருத்து.

இக்கருத்தினைத் தழுவி அமெரிக்காவில் எழுந்த ஆர்ப்பாநெட் வலையின் முதற்செய்தியே ஒரு முடக்கத்தோடு பிறந்தது. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தினின்று சார்லி கிளைன் என்னும் மாணவர், ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்துக் கணிப்பொறிக்குள் நுழைவதற்குரிய சொல்லினைத் தட்டத் தொடங்கினார். எல், ஓ என்னும் இரண்டெழுத்துகளே சென்று சேர்ந்தன. மூன்றாம் எழுத்திற் பொறி நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒருமணி நேரம் கழிந்தபின்னரே முழுச்சொல்லும் சென்றது.

1980ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவ்வலையின் நிலையங்கள் தத்தம் நிலையைப் பிறவற்றிற்கு அறிவிக்கும்போது, செய்திக்கு 0 முதல் 63 வரை வரிசையெண் இடுவது வழக்கம். 63இன் பின் மீண்டும் 0 வரும். கடிகார முகம் போல அவ்வெண்கள் வட்டமாக அமையும். இரண்டு எண்களுள், மற்றொன்றிலிருந்து முன்னோக்கி 32 படிக்குள் அடையத்தக்கது எதுவோ அதுவே புதியது. சரிபாதியில் நின்றாற் பெரிய எண்ணே புதியது. பழையதனை நீக்கிப் புதியதனைப் பிறர்க்கு அனுப்புதல் பொறிகளின் கடமை. அன்று பொறியொன்றின் நினைவகப் பழுதால், ஒரே நிலையத்தின் பெயரால் 8, 40, 44 என்னும் எண்களையுடைய மூன்று செய்திகள் ஒருங்கே உலவலாயின. 8இன் மேல் 40 புதியது. 40இன் மேல் 44 புதியது. 44இலிருந்து 28 படி செல்லின் 8 வருமாதலின், 44இன் மேல் 8 புதியது! ஒன்றனை ஒன்று துரத்தி மூன்றும் முடிவின்றிச் சுழன்றன. வேறு பணிக்கு இடமின்றி வலை முழுவதும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நின்றது. அந்நிலையத்தின் பெயர் தாங்கிய செய்திகளைப் புறக்கணிக்குமாறு பொறிகளுக்குக் கட்டளையிட்ட பின்னரே அது மீண்டது.

இதனை உற்றுநோக்குக. கம்பி எதுவும் அறவில்லை. வழிகள் பலவும் இருந்தன. ஆயினும், ஒரே பிழை எல்லா வழியாகவும் சென்றமையின், வழிகளின் பன்மை காக்கவில்லை. இதற்கு மறுதலையான காட்சியும் உண்டு. 2008ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா அருகே கடலடி வடங்கள் இரண்டு பழுதுற்றபோது, நம் நாட்டின் இணையம் தளர்ந்ததேயன்றி முற்றும் நிற்கவில்லை. செய்திகள் கிழக்குக் கடல்வழியே சுற்றிச் சென்றன. அங்கு உண்மையாகவே வேறுவழி இருந்தது.

நம் நாட்டுத் தொடக்கம்

நம் நாட்டில் 1986இல் தொடங்கப்பெற்ற எர்னெட் என்னும் கல்வி வலை, சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்களையும், பெங்களூர் இந்திய அறிவியற் கழகம் முதலியவற்றையும் இணைத்தது. பொதுமக்களுக்கான இணையப்பணி 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தாரால் தொடங்கப்பட்டது. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9,600 பிட் செல்லும் வேகம் அந்நாளில் வழங்கியது. எம் மாமன் இன்று கடைக்கு அனுப்பும் சேலைப்படம் ஒன்று மூன்று இலட்சம் பைட் உடையதெனின், அவ்வேகத்தில் அஃது ஒன்று செல்லவே 250 நொடி வேண்டும்.

அந்நாளைய பழக்கத்தினை நம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எமக்குக் கூறினர். கம்பி எந்நேரமும் அறுபடும் என்று அஞ்சி, மடலினை முன்னரே முழுவதும் எழுதி, பிளாப்பித் தட்டில் ஒருபடியும் தாளில் ஒருபடியும் வைத்துக்கொண்டே இணைய நிலையத்திற்குச் செல்வாராம். இணைப்புக் கிடைத்தவுடன் அனுப்பிவிட்டுத் திரும்புவாராம். முடக்கம் வழக்கமாகவும் இணைப்பு அருமையாகவும் இருந்தமையின், அவர் கையில் எப்பொழுதும் மற்றொரு படி இருந்தது. நமக்கு இணைப்பு வழக்கமாகிவிட்டது. அதனாற் படி வைக்கும் பழக்கம் ஒழிந்தது.

சுவடி கூறும் பாடம்

இவ்விடத்து, தமிழ் மாணவர் நினைவிற்கு வரவேண்டுவது ஏட்டுச்சுவடி வரலாறு. சங்கரன்கோவிலினின்று இராசபாளையம் செல்லும் சாலையில், அணித்தே உள்ள ஊர் கரிவலம்வந்தநல்லூர். ஆங்கு வரகுணபாண்டியருடைய ஏடுகள் கோயிலிற் காக்கப்பெற்றிருந்தன என்றறிந்து மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆர்வத்தோடு தேடிச் சென்றனர். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் ஆகுதி செய்துவிட்டனர் என்னும் மறுமொழியே அவர்க்குக் கிடைத்தது. அவர்தம் தன்வரலாற்றில் இதனைப் படிப்போர் கண்கலங்காதிரார். ஒரே இடத்து வைத்த செல்வம் ஒரே நாளில் அழியும்.

ஆயின், படிகள் பலவாயின் மட்டும் போதுமா? போதாது. ஒரு பிழைபட்ட ஏட்டைப் பார்த்துப் பத்துப் பேர் படியெடுப்பின் பத்திலும் அப்பிழையே இருக்கும். ஆதலின், பதிப்பாசிரியர் ஏடுகளை எண்ணுவதோடு நில்லாமல், வெவ்வேறு வழியில் வந்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பர். 1894இல் ஐயரவர்கள் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை கிடைத்தில. வேறுவழி வந்த ஏடொன்று கிட்டியிருப்பின் அவற்றையும் நாம் பயின்றிருப்போம்.

வலையும் ஏடும் ஈண்டு ஒன்றுபடுகின்றன. காப்பது எண்ணிக்கையன்று, ஒன்றனை ஒன்று சாராமையே. 1980இல் வழிகள் பலவாயினும் அவற்றிற் சென்ற பிழை ஒன்று. 2021இல் நிலையங்கள் பலவாயினும் அவற்றை ஆண்ட கட்டளை ஒன்று. எம் மாமன் மூன்று பொறிகளில் மாறிமாறிப் பார்த்தனரே, அவையும் மூன்று வழிகள் அல்ல; ஒரே பூட்டிய வாயிலின் மூன்று நிழல்கள்.

முடிவுரை

இணையக்கடையை விலக்குக என்று யாம் கூறவில்லை. அதனால் அன்றோ சங்கரன்கோவிற் சேலை தொலைநாட்டு நகரங்களையும் அடைகின்றது! ஆயினும், சிறு வணிகர் தம் கணக்கினை அக்கடையின் கையில் மட்டும் விடுதல் தகாது. வந்த வேண்டுகைகளை அன்றன்றே தம் ஏட்டிற் குறித்தலும், முகவரித் தாள்களை உடனுக்குடன் அச்சிட்டு வைத்தலும், பழைய மொத்த வணிகரின் தொடர்பை அறுத்துக்கொள்ளாமையும் அவர்க்கு அரண் ஆகும். பெருநிறுவனத்தாரும், தம் வாயில் அடைபட்ட நாளுக்குரிய தண்டத்தை வாயிலின் வெளியே நிற்பார்மேற் சுமத்துதல் முறையன்று.

மாணவராகிய நமக்கும் இது பொருந்தும். நம் பாடக்குறிப்புகள், ஆய்வுரைகள், பெற்றோரின் நிழற்படங்கள் யாவும் எங்கோ ஒரு சர்வரில் உறங்குகின்றன. அவற்றிற்கு வேறுவழிப்பட்ட படியொன்று நம் கையில் உண்டா என்று ஒவ்வொருவரும் இன்றே நோக்குவோமாக.

சென்ற திங்களில் சங்கரன்கோவில் சென்றிருந்தோம். மாமனின் மேசைமேல் சிவப்பட்டையிட்ட நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்று கிடந்தது. அன்று வந்த பதினேழு முகவரிகளையும் அத்தையார் தம் கையால் எழுதிக்கொண்டிருந்தனர். வளையலும் அக்கைக்கு மீண்டிருந்தது. “கடை திறந்துதானே இருக்கிறது, ஏன் எழுதுகிறீர்கள்?” என்றோம். “திறந்திருக்கும்போதுதான் எழுத முடியும்” என்றனர் அத்தையார்.