பீலித் தண்ணீரும் போத்தல் மீனும்

ஹற்றன் கடைத்தெருவில் பொலித்தீன் பையில் கட்டி வாங்கிய கப்பி மீன்கள் பஸ்ஸில் குலுங்கித் தோட்டத்துக்கு வருகின்றன. லயத்து இஸ்தோப்பில் ஒரு கண்ணாடிப் போத்தல் அவற்றுக்கு வீடாகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை முதலில் பார்ப்பது அவற்றைத்தான். ஒருநாள் தண்ணீர் மாற்றுகிறார்கள். மறுநாள் காலையில் எல்லாம் மிதக்கின்றன. குளிர் என்கிறார் ஒருவர், கண்ணூறு என்கிறார் இன்னொருவர். அந்தத் தண்ணீர் எதன்மேல் ஓடி, எந்தப் பாத்திரத்தில் தங்கி வந்தது என்று கேட்பவர் குறைவு. கேட்டால், பல வீடுகளில் பதில் செம்பாகவோ நாகமாகவோ (துத்தநாகம்) இருக்கும்.

நம்பிக்கை 1: நாம் குடிக்கிற தண்ணீர் மீனுக்கும் ஆகும்.

உண்மை: குடிநீரில் லீட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே, கல்சியம் குறைந்த மென்னீரில் வாழும் கப்பிக்கும் தங்கமீனுக்கும் உயிராபத்து. நாம் குடிக்கும் தண்ணீரில் மிஞ்சிய செம்பை ஈரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். மீனோ இரவும் பகலும் அதே தண்ணீரைச் செவுள் வழியே ஓடவிட்டு மூச்சுவிடுகிறது. செம்பு செவுளில் ஒட்டிக்கொண்டு, உடம்புக்கு வேண்டிய உப்பு உள்ளே போகாமல் தடுக்கிறது. நாகம் கல்சியத்தைத் தடுக்கிறது.

நம்பிக்கை 2: மலைத் தண்ணீர் மென்மையானது, அதனால் கெடுதல் இல்லை.

உண்மை: மீனுக்கு ஆபத்து கூடுவதே அந்த மென்மையால்தான். நம் மலைகளின் பாறை பெரும்பாலும் எளிதில் கரையாத கடும்பாறை. அதில் ஊறி வரும் பீலித் தண்ணீரில் கல்சியம் குறைவு. சவர்க்காரம் நன்றாக நுரைப்பது அதனால்தான். சுண்ணாம்புக்கல்லில் ஊறிய யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் வன்னீர். அங்கே கல்சியம் செவுளில் முந்தி இடம்பிடித்து, உலோகத்தை ஒட்டவிடாமல் ஓரளவு காக்கும். யாழ்ப்பாணத்தில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு செம்பு, நுவரெலியாவில் அதைக் கொன்றுவிடலாம்.

நம்பிக்கை 3: மழைத்தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது.

உண்மை: வானத்திலிருந்து விழும்வரை அது சரி. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைவதால் மழைநீர் இயல்பாகவே சற்று அமிலம். நாகமுலாம் பூசிய கூரைத் தகரத்தில் அது ஓடும்போது நாகத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு பீப்பாவில் விழுகிறது. வெயில் நாட்களுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் இது அதிகம். துருப்பிடித்த தகரத்துக்குப் பயப்படுகிறவர்கள் பளபளக்கும் புதுத் தகரத்தை நம்பிவிடுகிறார்கள். இரும்புத் துரு செய்யும் கெடுதல் நாகத்தோடு ஒப்பிட்டால் சிறியது.

நம்பிக்கை 4: ஒருநாள் வைத்திருந்தால், அல்லது கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்.

உண்மை: வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்தால் குளோரின் பறந்துபோகும். உலோகம் பறக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகக் குறைந்து, உலோகத்தின் செறிவு இன்னும் கூடும். கடையில் விற்கும் சொட்டு மருந்துகளில் பல குளோரினுக்கு மட்டுமே. உலோகத்தையும் கட்டுப்படுத்தும் என்று லேபலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை 5: மருந்தடிப்பது தேயிலைக்குத்தானே, வீட்டு மீனுக்கு என்ன?

உண்மை: தேயிலையின் கொப்புள நோய் இலங்கையில் முதலில் காணப்பட்டது 1946இல். அன்றுமுதல் செம்பு கலந்த பூஞ்சண மருந்துகள் மலைநாட்டின் மழைக்காலத்தோடு சேர்ந்தே வருகின்றன. பக்கத்து மலையில் மருந்தடிக்கும்போது காற்று அதன் தூவலை இஸ்தோப்புக்குக் கொண்டுவரும். அதைவிட ஆபத்து, மருந்து கலந்த வாளியைக் கழுவிவிட்டு அதிலேயே மீனுக்குத் தண்ணீர் எடுப்பது. கழுவாத கையைப் போத்தலுக்குள் விடுவதும் அப்படித்தான்.

நம்பிக்கை 6: செம்பு கிருமியைக் கொல்லும், செம்புக் காசு ஒன்றைப் போட்டுவைத்தால் நல்லது.

உண்மை: கிருமியைக் கொல்லும் அதே குணம்தான் மீனையும் கொல்கிறது. வெண்புள்ளி நோய்க்குச் செம்புச் சேர்மமான மயில்துத்தம் கொடுப்பவர்கள் உண்டு. நோயைத் தீர்க்கும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. மென்னீரில் இன்னும் சிறிது. நத்தையும் இறாலும் மீனுக்கு முன்பே செத்துவிடும். கண்ணளவில் போடும் மருந்தல்ல அது.

நம்பிக்கை 7: குளிர்தான் கொன்றது.

உண்மை: 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் குளிர் கப்பிக்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் குளிரில் மீன் மந்தமாகி, தீனி குறைந்து, மெல்ல மெல்லவே சோரும். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் எல்லா மீனும் ஒன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், உடம்பில் வழுவழுப்பு கூடினால், முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். மருந்து எதுவும் போடாமல், உலோகம் படாத நல்ல தண்ணீருக்கு உடனே மாற்றுங்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. மீனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் வாளி. வேறெதற்கும் அதை எடுக்க வேண்டாம். பித்தளைக் குழாயில் இரவெல்லாம் நின்ற தண்ணீரை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கூரைத் தண்ணீர் வேண்டாம், பீலித் தண்ணீர் போதும். வழக்கமாகத் தண்ணீர் மாற்றும்போது ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். கழுவிய சிப்பி ஓடுகள் சிலவற்றை அடியில் போட்டால் கல்சியம் மெல்லக் கரைந்து சேரும். மருந்தடிக்கும் நாளில் போத்தலை உள் காம்பராவுக்குள் எடுத்து, மேலே ஒரு துணியைப் போட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் மனதார வேண்டிக் கேட்கிறேன். மருந்தடிக்கும் இயந்திரத்தைப் பீலிக்கரையிலும் ஓடைக்கரையிலும் கழுவாதீர்கள். போத்தலில் சாகிற மீனைப் பிள்ளை பார்த்து அழுகிறது. ஓடை மீனுக்கும் அதே செவுள்தான், அதே மென்னீர்தான். அதற்கு வாளி மாற்றித் தண்ணீர் ஊற்ற யாரும் வரமாட்டார்கள்.