ஈகோ ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது?

கேள்வி: எங்கள் டிஷ்வாஷரில் ஈகோ வைத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. இதில் கரண்ட் எப்படி மிச்சமாகும்?

பதில்: கரண்டில் பெரும்பங்கை இழுப்பது தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்தான்; தண்ணீரைப் பீய்ச்சும் மோட்டாருக்குக் கொஞ்சம் போதும். ஈகோவில் தண்ணீர் 50 டிகிரி அளவுக்குத்தான் சூடாகும். குறைந்த சூட்டை நேரத்தால் ஈடுகட்டுகிறார்கள். டிடர்ஜென்டில் உள்ள என்சைம்கள் காய்ந்த சோற்றையும் பருப்பையும் நிதானமாகக் கரைக்க அந்த அவகாசம் வேண்டும். தண்ணீரும் அப்படித்தான்: உள்ளே எடுத்ததையே வடிகட்டித் திரும்பத் திரும்பப் பீய்ச்சுவதால், பல மாடல்களில் ஒரு முழுச் சுற்றுக்கே சுமார் 10 லிட்டர்தான் ஆகிறது. குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்கும் நம் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய சேமிப்பு.

ஆட்டோ முறை உள்ள புதிய மாடல்களில் தண்ணீரின் கலங்கலை ஒளியால் அளக்கும் சென்சார் இருக்கிறது. எவ்வளவு நேரம் கழுவுவது என்பதை அது தீர்மானிக்கும். ஆகவே தட்டுகளை முன்கூட்டியே அலசாதீர்கள். மிச்சத்தை வழித்துப் போட்டால் போதும். எண்ணெய்ப் பிசுக்கேறிய எவர்சில்வர் கடாய்க்கு மட்டும் 65-70 டிகிரி இன்டென்சிவ்.

போர் தண்ணீர் என்றால் டிஷ்வாஷர் உப்பை நிறுத்தவே கூடாது. தண்ணீரின் கடினத்தை நீக்கும் ரெசின் அதனால்தான் புதுப்பிக்கப்படுகிறது. இரும்பு, பித்தளை, சாதாரண அலுமினியம் மூன்றையும் கையாலேயே கழுவுங்கள்.