பழைய மாதிரி ரயில் என்ஜின் ஏன் சூடாகிறது?

மாணவர்களே! எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு சிறிய மின்சார ரயில் என்ஜின் உங்கள் கையில் இருப்பதாகக் கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். மின்சாரம் கொடுத்ததும் ஓடுகிறது, வேகமும் குறையவில்லை. ஆனால் சில நிமிடங்களில் அதன் உடல் தொட முடியாதபடி சுடுகிறது. வேகம் மாறாமல் சூடு மட்டும் கூடுவது எப்படி? இதற்கு விடை காண உங்கள் பள்ளிப் பாடமே போதும்.

முதலில் இந்த என்ஜினைச் சற்று அறிந்துகொள்வோம். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் ஃபிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ நிறுவனம், 1938ஆம் ஆண்டில் 'ஹார்ன்பி டப்ளோ' என்னும் மாதிரி ரயில்களை வெளியிட்டது. உண்மையான என்ஜினின் ஒவ்வோர் அடிக்கும் மாதிரியில் 4 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. அவற்றின் மோட்டார் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும். அந்தத் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஆயினும் அங்கே பிறந்த என்ஜின்கள் பல, ஆர்வலர்களின் பராமரிப்பில் இன்றும் ஓடுகின்றன.

மோட்டாரின் உள்ளே

ஒரு நிலைக்காந்தம், அதன் துருவங்களுக்கிடையே சுழலும் ஆர்மெச்சூர், ஆர்மெச்சூரின் மேல் மூன்று கம்பிச் சுருள்கள். இரண்டு கரித் தூரிகைகள் திசைமாற்றியின் செம்புத் துண்டுகளை அழுத்தி நின்று, சுருள்களுக்கு மின்னோட்டம் தருகின்றன. சுருள்கள் ஏன் மூன்று? இரண்டு துருவங்களே உள்ள ஆர்மெச்சூர், காந்தத்திற்கு நேராக நின்றுவிட்டால் தானாகப் புறப்படாது; கையால் தள்ளிவிட வேண்டும். மூன்று இருந்தால் எந்த நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒன்று அதைத் திருப்பிவிடும்.

வெளியிலிருந்து உள்ளே

ஓடாத என்ஜினை உடனே பிரித்துப் போடுவது தவறு. மின்சாரம் வரும் வழியிலேயே சோதித்துச் செல்ல வேண்டும்.

முதலாவது, சக்கரமும் தண்டவாளமும். இவற்றில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புப் படலமாகப் படிகின்றன. இப்படலத்தின் மின்தடை 4 ஓம், மின்னோட்டம் அரை ஆம்பியர் என்றால், 2 வோல்ட் அழுத்தம் மோட்டாரை அடையாமல் வழியிலேயே வீணாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தால் படலம் போய்விடும். அது எளிதில் தீப்பற்றும் திரவம். ஆகவே மின் இணைப்பை நீக்கிவிட்டு, திரவம் உலர்ந்த பின்பே மீண்டும் இணைக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய். பழைய எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பிசினாகிவிடும். உராய்வைக் குறைக்க இட்ட பொருளே உராய்வைக் கூட்டும் பொருளாகிவிடுகிறது. அதை முழுதும் துடைத்தெடுத்து, அச்சு தாங்கிகளில் ஊசிமுனையால் ஒரு சிறு துளி இட்டால் போதும். மிகுந்த எண்ணெய் திசைமாற்றியை நோக்கி வழிந்து, கரித்தூளுடன் சேர்ந்து சேறாகும்.

மூன்றாவது, திசைமாற்றி. செம்புத் துண்டுகளுக்கிடையே உள்ள இடைவெளியில் கரித்தூள் அடைத்துக்கொண்டால், மின்னோட்டம் சுருளுக்குள் செல்லாமல் குறுக்கு வழியில் போய்விடும். பல்குத்தும் மரக் குச்சியால் அதை நீக்கலாம். உப்புத்தாள் கூடாது. அதன் கடினமான துகள்கள் மென்மையான செம்பைக் கீறிவிடும். அந்தக் கீறல்கள் தூரிகைகளை விரைவில் தேய்த்துவிடும்.

எதிர் மின்னியக்கு விசை

இவ்வளவும் செய்த பிறகும் என்ஜின் சுட்டால், ஐயம் காந்தத்தின் மேல் விழ வேண்டும்.

காந்தப்புலத்தில் சுழலும் சுருளில் ஒரு மின்னியக்கு விசை தூண்டப்படும் என்பதை அறிவீர்கள். மோட்டாரின் சுருளும் காந்தப்புலத்தில்தான் சுழல்கிறது! எனவே மோட்டார் ஓடும்போதே ஒரு மின்னாக்கியாகவும் வேலை செய்து, நாம் கொடுக்கும் 12 வோல்ட்டை எதிர்த்து நிற்கிறது. இதுவே எதிர் மின்னியக்கு விசை. காந்தம் வலிதாகவும் வேகம் மிகுதியாகவும் இருந்தால் இதுவும் மிகும்.

கணக்குக்காக ஆர்மெச்சூரின் மின்தடை 8 ஓம், மின்னோட்டம் 0.5 ஆம்பியர் என்போம். தடையில் இழக்கும் அழுத்தம் 0.5 × 8 = 4 வோல்ட். எதிர் மின்னியக்கு விசை 12 − 4 = 8 வோல்ட். வெப்பமாகும் திறன் 0.5 × 0.5 × 8 = 2 வாட். இயக்கமாக மாறும் திறன் 8 × 0.5 = 4 வாட்.

இப்போது காந்தத்தின் வலிமை பாதியாகிவிட்டது. இழுக்க வேண்டிய பாரம் மாறவில்லை. அதே திருப்பு விசையைப் பெற இருமடங்கு மின்னோட்டம், அதாவது 1 ஆம்பியர் தேவை. தடையில் இழக்கும் அழுத்தம் 8 வோல்ட். எதிர் மின்னியக்கு விசை 4 வோல்ட். காந்தமும் பாதி, எதிர் விசையும் பாதி. ஆகவே வேகம் பழைய வேகமே. வெப்பமோ 1 × 1 × 8 = 8 வாட், நான்கு மடங்கு!

நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா? கண்ணுக்குத் தெரியாத இக்கோளாறை அம்மீட்டர் காட்டிக்கொடுக்கும். கவனிக்காமல் விட்டால் சுருளின் காப்புப் பூச்சு கருகி, மோட்டாரே பாழாகும். ஓடும் என்ஜினைக் கையால் பிடித்து நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம். எதிர் விசை சுழியாகும், மின்னோட்டம் 1.5 ஆம்பியர், வெப்பம் 18 வாட்.

திரும்புவதும் திரும்பாததும்

1931இல் ஜப்பானிய உலோகவியலர் டோக்குஷிச்சி மிஷிமா இரும்பு, நிக்கல், அலுமினியக் கலவையில் வலிய காந்தம் ஒன்றைச் செய்தார். அதன் வழிவந்தவையே ஆல்நிகோ காந்தங்கள். பழைய மாதிரி என்ஜின்கள் பலவற்றில் இவையே உள்ளன. ஆர்மெச்சூரை வெளியே எடுத்ததும் துருவங்களுக்கிடையே வெறும் காற்று மட்டும் இருப்பதால், இவற்றின் வலிமை குறையக்கூடும். ஆகவே மோட்டாரைப் பிரிக்குமுன் துருவங்களுக்குக் குறுக்கே ஒரு தேனிரும்புத் துண்டை வைத்துவிடுவது நல்லது. வலிமை குறைந்த காந்தத்தை வலிய புலத்தில் வைத்து மீண்டும் காந்தமாக்கலாம். அதன் அணுக்கள் எங்கும் போய்விடவில்லை. அவற்றின் திசை ஒழுங்குதான் கலைந்திருந்தது.

என்ஜின் உடலின் கதை வேறு. அது துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தது. அதில் காரீயம் மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும், ஈரக் காற்றில் உலோகப் படிகங்களின் எல்லைகளில் அரிப்பு தொடங்கும். உலோகம் உப்பி, வெடித்து, முடிவில் பிஸ்கட்டைப் போல் நொறுங்கும். 1930களின் வார்ப்புகள் பலவற்றுக்கு இக்கதி நேர்ந்தது. மிகத் தூய துத்தநாகத்தைப் பயன்படுத்திப் பின்னாளில் இதைத் தடுத்தார்கள். நோய் தொடங்கிவிட்ட வார்ப்பைக் குணப்படுத்த வழியில்லை. ஈரமில்லாத இடத்தில் வைத்து அதன் ஆயுளை நீட்டலாம், அவ்வளவே.

பழைய மின்மாற்றிகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றின் ரப்பர் காப்பு உலர்ந்து உதிர்ந்திருக்கலாம். அதனுள் வருவது வீட்டு மின்சாரம், உயிருக்கே ஆபத்து.

செய்து பாருங்கள்

ஒரு பொம்மை மோட்டார், 2 பேனா பாட்டரி, இழையுள்ள ஒரு டார்ச் பல்பு ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். எல்.இ.டி. விளக்கு வேண்டாம். மோட்டார் தடையின்றிச் சுழலும்போது பல்பு மங்கலாக இருக்கும். மோட்டாரின் அச்சை விரலால் ஒரு கணம் பிடியுங்கள். பல்பு பளிச்சென்று எரியும். எதிர் மின்னியக்கு விசை மறைந்ததைக் கண்ணாலேயே காண்கிறீர்கள்.

யோசியுங்கள்

மேற்கண்ட கணக்கில் காந்தத்தின் வலிமை பாதியாகாமல் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருந்தால் என்ஜின் மெதுவாகுமா, வேகமாகுமா?

(விடை: மின்னோட்டம் 0.75 ஆம்பியர், எதிர் மின்னியக்கு விசை 6 வோல்ட், வெப்பம் 4.5 வாட். வேகம் எட்டில் ஒரு பங்கு கூடும்!)