வீட்டு நீரும் ஆற்று நீரும்

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியினின்று குடமுருட்டி பிரிகின்றது. ஆற்றைக் கெடுப்பவை ஆலைகளே என்றெண்ணி, நாம் நம் வீட்டு முற்றத்தை மறந்துவிடுகின்றோம். சலவைத்தூள்கள் சிலவற்றில் பாஸ்பேட் என்னும் உப்பு உண்டு. அது சாக்கடை வழியே ஆற்றை அடைந்தால், உரம் நெற்பயிரை வளர்ப்பதுபோல, நீரிற் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். அவை மடிந்து அழுகுங்கால் நீரிற் கரைந்துள்ள பிராணவாயு குன்றும். மீன்கள் மூச்சடைத்து மாளும்.

வட அமெரிக்காவின் ஈரி ஏரி இவ்வாறே பாசி படர்ந்து நலிந்தது. 1972ஆம் ஆண்டில் கனடாவும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்து, ஏரியிற் சேரும் பாஸ்பரஸைக் குறைக்க முற்பட்டன. சலவைத்தூளுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது; ஏரி பெரிதும் தெளிந்தது. பிற்காலத்தில் வயல்களின் உரம் மழைநீரோடு வந்து சேரவே, பாசி மீண்டும் படர்ந்தது. நெல் விளையும் நம் நாட்டார்க்கு இதுவும் ஒரு பாடமாகும்.

நம் பாட்டிமார் அரிசி களைந்த நீரை மாட்டுக்கு வைத்தனர். குளித்த நீரை வாழைப்பாத்திக்கு விட்டனர். நாமும் சலவைத்தூளை அளந்து இடுவோம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபின் பாத்திரம் துலக்குவோம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தம் வீட்டுக் கழிவுநீர் எங்கே சென்று விழுகின்றதென்று ஒருமுறை பின்தொடர்ந்து காண்பாராக. நாம் விட்ட நீரே கீழூரார் துறையிலும் ஓடுகின்றது.