லாங் ரைடுக்கும் லாங் ரன்னுக்கும் வீட்டுக் குறிப்புகள்

நெடுந்தூர ஓட்டமும் சைக்கிளும் பழகுகிறவர்கள் வாங்கிக் குவிக்கும் பொருட்களுக்குக் கணக்கே இல்லை. ஷூவையும் ஹெல்மெட்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மற்றதில் பாதிக்கு மேல் சமையலறையிலும் பால்கனியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

1. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மேசைக்கரண்டி சர்க்கரை (சுமார் 60 கிராம்), கால் தேக்கரண்டி உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயிற்சிக்கு இதுவே நல்ல பானம். அந்த மாதிரி நாட்களில் உடம்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரையோ தேவைப்படும். நம் வீட்டுச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குடல் இரண்டையும் தனித்தனி வழியில் உறிஞ்சுவதால் வயிற்றில் தேங்காது. விலை கூடிய பவுடர் பலவற்றின் சூட்சுமமும் இதுதான். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிக்கவும்.

2. இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள்.

3. எடை பார்க்கும் மெஷினைப் பரணிலிருந்து இறக்குங்கள். கிளம்பும் முன்பும் வந்த பின்பும், உடை இல்லாமல், ஈரத்தைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 70 கிலோவில் போனவர் இரண்டு மணி நேரம் ஓடி 68.8-ல் திரும்புகிறார், வழியில் ஒரு லிட்டர் குடித்திருக்கிறார் என்றால் வியர்த்தது 2.2 லிட்டர், அதாவது மணிக்கு 1.1 லிட்டர். அடுத்த வாரம் எத்தனை பாட்டில் வேண்டும் என்று இனி ஊகிக்க வேண்டியதில்லை. எடைக் குறைவு உடல் எடையில் 2 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். குடித்துக் குடித்து முழுவதையும் ஈடுகட்ட வேண்டாம். எடை கூடியிருந்தால்தான் உண்மையான கவலை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது 13 சதவீதத்தினரிடம் சோடியம் குறைந்திருந்தது.

4. பாட்டிலில் பாதி மட்டும் தண்ணீர் ஊற்றிச் சாய்வாகப் படுக்கவைத்து ஃபிரீசரில் வையுங்கள். காலையில் மீதியை நிரப்பினால் வெயில் ஏறும்வரை ஜில்லென்று இருக்கும். பாட்டில் நாறினால் ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி ஆப்ப சோடா, கொஞ்சம் வெந்நீர் போட்டுக் குலுக்குங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ மறக்க வேண்டாம்; பூஞ்சை ஒளிந்திருப்பது அங்கேதான்.

5. 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் பயணம்) என்றால் பதின்மூன்றரை மணி நேரம் வரை சாலையில் இருக்கலாம். அவ்வளவு நேரமும் இனிப்பையே தின்றால் நாக்கு வெறுத்துவிடும். பொடி இட்லிக்கு நிகரில்லை. மினி இட்லியாக வார்த்து, நல்லெண்ணெயும் பொடியும் புரட்டி, வாழையிலைத் துண்டில் இரண்டிரண்டாக மடித்து ஜெர்சிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பொடியில் காரம் குறைவாக, உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம். மெதுவாகப் போகும் ரைடுக்குச் சரி, வேகமான ஓட்டத்துக்குச் சரிவராது.

6. முந்தைய இரவு சோறு, ரசம், உருளைக்கிழங்கு. சுண்டலும் மொச்சையும் மறுநாள் சாப்பிட்டுக்கொள்ளலாம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

7. சென்னைக்காரர்களுக்கு ஒன்று. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் சுமார் 90 கி.மீ. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று போகும்போது முதுகைத் தள்ளும். 'இன்றைக்கு நல்ல ஃபார்மில் இருக்கிறேன்' என்று நம்பிவிடாதீர்கள். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். சாப்பாட்டில் பாதிக்கு மேல் திரும்பும் வழிக்கு வையுங்கள்.

8. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் வையுங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம்; பசை விட்டுப்போகும், அடிப்பஞ்சு இறுகும். வாங்கிய தேதியை நாக்கின் உட்பக்கம் பேனாவால் எழுதிவையுங்கள். 500 முதல் 800 கி.மீ.க்குள் பெரும்பாலான ஷூக்கள் ஓய்ந்துவிடும்.

9. சைக்கிள் செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க 12 அங்குல இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புதுச் செயினில் 24 இணைப்பு தள்ளியுள்ள பின் சரியாக 12-ல் நிற்கும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு ஆகும்வரை ஓட்டினால் பின்சக்கரப் பல் தொகுதியும் சேர்ந்து தேய்ந்து, செலவு பல மடங்காகும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், புழுதியை ஈர்க்கும். செயினுக்கென்று விற்கும் எண்ணெயை இணைப்புக்கு ஒரு சொட்டு விட்டு, வெளிப்புறத்தைப் பழைய பனியனால் துடைத்துவிடுங்கள். பிரேக் டிஸ்க்கில் மட்டும் படவே கூடாது.

10. ஓட்ட உடைகளைத் திருப்பிப்போட்டுத் துவையுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் இழைகளில் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. நாற்றம் போகாவிட்டால் அரை வாளி தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

11. தொடை, அக்குள், கால் விரல் இடுக்கு ஆகிய இடங்களில் வாசலின். ஆண்கள் மார்புக் காம்புகளில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். வெட்கப்பட்டால் வெள்ளை பனியன் காட்டிக்கொடுக்கும். பேட் வைத்த சைக்கிள் டிராயருக்குள் ஜட்டி போடக் கூடாது.

12. டியூப், பம்ப்போடு ஒரு பத்து ரூபாய் நோட்டும் இருக்கட்டும். டயர் கிழிந்தால் நோட்டை மடித்து டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைத்தால் வீடு வரை தாங்கும். நம் நோட்டு பருத்தி இழையால் ஆனது, அதனால்தான்.

13. போகும் வழி, திரும்பும் நேரம், ரத்த வகை மூன்றையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். வெயிலில் யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ வெப்பத் தாக்காக இருக்கலாம். நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

14. மே மாதத்தில் சென்னையில் 5:45 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும், ஆகவே நான்கரைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். உடை, ஷூ, சாவி, லைட் எல்லாவற்றையும் இரவே ஹாலில் எடுத்துவையுங்கள். மிக்ஸியில் அரைக்க வேண்டியதையும் இரவே அரைத்துவிடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மிக்ஸி ஓடும் வீட்டில் அடுத்த வார ரைடுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்.