மண்ணைப் பேணும் செவிலி

காஞ்சி மாநகரின் தென்பால், பாலாற்றின் வடகரையில் அமைந்துள்ளது செவிலிமேடு. பட்டுத்தறியின் ஓசை கேட்கும் அவ்வூரில், நெசவாளர் இல்லங்கள் சிலவற்றின் பின்னால் சிறு கொல்லைகள் உண்டு. அவற்றில் கத்தரியும் வெண்டையும் அவரையும் விளையும்.

காய்ப்பு ஓய்ந்ததும் செடிகளைப் பிடுங்கிக் கொல்லையை வெறுமையாக விட்டுவிடுதல் பலரது வழக்கம். இதனால் விளையும் கேடு சிறிதன்று. சித்திரை வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஐப்பசி மழையோ பெருந்துளிகளாய் வீழ்ந்து மேல்மண்ணை அரித்துச் சென்றுவிடும். ஓரங்குல மேல்மண் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதனை இழப்பதற்குச் சில மழைக்காலங்களே போதும்.

இக்கேட்டைத் தடுப்பது மூடுபயிர். குளிர்நாட்டு உழவர் இதற்குக் கிளோவர் என்னும் மூவிலைச் செடியை விதைப்பர். தோற்றத்தில் அது நம் ஆரைக்கீரையை ஒருவாறு ஒத்திருக்கும். ஆயினும் ஆரை நான்கு இலைகளை உடையது. பெரணி இனத்தைச் சேர்ந்தது. கிளோவரோ பயறு இனத்தைச் சேர்ந்தது. காஞ்சியின் கோடையைத் தாங்கும் வன்மை அதற்கு இல்லை. எனினும் நாம் வருந்த வேண்டுவதில்லை. அதே தொண்டைச் செய்யத் தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி, காராமணி முதலியன நம் நாட்டில் உள்ளன.

இவற்றின் ஆற்றல் வேரில் உள்ளது. காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் உண்டு. எனினும் செடிகள் அதனை நேரே உண்ண இயலா. பயறு இனச் செடிகளின் வேர் முண்டுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் அதனைச் செடிக்கேற்ற உணவாக மாற்றித் தருகின்றன. செடி அவற்றிற்குச் சர்க்கரைப் பொருளை ஈகின்றது. செடி ஒன்றை மெல்லப் பிடுங்கி, வேர் முண்டினை நகத்தால் கிள்ளிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். முண்டு செவ்வனே தொழில் புரிகின்றது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஒரு சென்ட் நிலத்திற்குத் தக்கைப்பூண்டு விதை ஏறத்தாழ 200 கிராம் போதும். மண்ணைக் கொத்தி, விதையைத் தூவி, நீர் தெளித்தல் வேண்டும். ஏறத்தாழ 45 நாளில், பூக்கும் பருவத்தில், செடியை அறுத்து ஈரமண்ணில் மடக்கிப் புதைத்தல் வேண்டும். பூத்துக் காய்க்கட்டும் என்று காத்திருப்பின், தண்டு நாராகி மட்குவதற்கு நாளாகும். சத்தின் பெரும்பகுதியும் விதையைச் சென்று சேர்ந்துவிடும். புதைத்த பின்னர் இரு வாரம் கழித்துக் காய்கறி நடலாம்.

“உள்ளதே கையகல நிலம். அதிலும் இரண்டு திங்கள் காய்கறியை இழப்பதா?” என இல்லத்தார் தயங்குதல் இயல்பே. அவர்கள் கொல்லையை இருகூறாக்கி, ஒன்றில் காய்கறியும் மற்றொன்றில் மூடுபயிருமாக மாற்றி மாற்றி விளைவிக்கலாம். அடுப்பும் ஓயாது, மண்ணும் மெலியாது. ஆயினும், மூடுபயிர் ஒன்றே எல்லாச் சத்தையும் அளித்துவிடாது. மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் அது புதிதாகப் படைப்பதில்லை. ஆதலால் தொழுவுரமும் சாம்பலும் அளவறிந்து இடுதல் வேண்டும்.

அகப்பொருள் நூல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தன் கையால் ஊட்டி வளர்த்த மகள் வேறொரு மனையில் சிறந்து வாழ்வதைக் கண்டு மகிழ்பவள் அவள். மூடுபயிரும் அத்தகையதே. தான் காய்த்துப் பயன் தராமல், பின்வரும் பயிர் காய்ப்பதற்காகவே அது மண்ணுள் மடிகின்றது. மண்ணிடமிருந்து பெறுவோர், அதற்குத் திருப்பித் தருதலும் கடமை என்பதை அச்செடி சொல்லாமல் சொல்கின்றது.